நுரையீரல் புற்றுச்செல்: ஃபீடர் தட்டா, ஆர்கனாய்டா?

நோயாளியின் நுரையீரல் கட்டியிலிருந்து செல் எடுத்து வளர்க்க, ஆய்வகங்களில் அதிகம் புழங்குவது இரண்டு வழி. ஒன்று, பெருகாமல் நிறுத்தப்பட்ட சுண்டெலி ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு செல்) மேல், செல் சாகாமல் பெருக உதவும் ஒய்-27632 என்ற வேதிப்பொருள் கலந்த மீடியத்தில் (வளர்ப்புத் திரவம்) தட்டையாக வளர்ப்பது; அடியில் இருக்கும் அந்தச் சுண்டெலிச் செல்தான் ஃபீடர். மற்றது, மேட்ரிஜெல் என்னும் புரதக் கூழுக்குள் ஆர்கனாய்டாக, அதாவது முப்பரிமாணக் குறுந்திசுவாக, வளர்ப்பது. நாங்கள் தேர்ந்தது ஆர்கனாய்டு.

செலவிலும் வேகத்திலும் ஃபீடர்தான் முந்தும், அதில் பேச்சில்லை. மேட்ரிஜெல் சுமார் 10 டிகிரியைத் தாண்டினாலே இறுக ஆரம்பிக்கும். டிப், குழாய் எல்லாம் முன்கூட்டியே குளிர்ந்திருக்க வேண்டும். கோயமுத்தூர் சித்திரை வெயிலில் குழாயை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பினால் பிப்பெட்டில் ஏறாது.

எங்களை முடிவெடுக்க வைத்தது களைதான், அதாவது புற்றோடு கலந்து வளரும் நல்ல செல். அறுவைத் துண்டில் புற்றோடு நல்ல மூச்சுக்குழல் செல்லும் வரும். ஃபீடரும் ஒய்-27632-ம் சேர்ந்த முறையை 2012-இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டபோதே, நல்ல எபிதீலியச் (உறுப்பின் மேற்பூச்சு) செல்லும் அதில் தடையின்றிப் பெருகும் என்று காட்டினார்கள். மூன்றாம் பாசேஜில் (செல்களைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றும் சுற்று) தட்டு நிறைந்திருக்கும், காலனி நெருக்கமாக அழகாக இருக்கும். வெள்ளாமை என்று நினைத்தது முழுக்கக் களையாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அதன்மேல் மருந்து சோதித்து வரும் முடிவு அந்த நோயாளிக்கு உதவாது.

ஆர்கனாய்டிலும் இந்தத் தொல்லை உண்டு. 2020-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், தூய புற்று ஆர்கனாய்டு கிடைத்தது 17 சதவீதம்தான். ஆனால் இங்கே களை தன்னைக் காட்டிக்கொடுக்கும். நல்ல மூச்சுக்குழல் ஆர்கனாய்டு உள்ளே வெற்றிடமுள்ள உருண்டை. முதிர்ந்தால் உட்சுவரில் சிலியா என்னும் நுண்மயிர் துடிக்க, உதிர்ந்த செல்துகள் நடுவில் சுழல்வது மைக்ராஸ்கோப்பில் தெரியும். புற்று பெரும்பாலும் கெட்டியாக, ஒழுங்கற்று வளரும். அடினோகார்சினோமா என்னும் சுரப்பிச்செல் வகைப் புற்றிலும் சில வெற்றிடம் விடும் என்பதால் உருவத்தை மட்டும் நம்பக் கூடாது. இரண்டாம், மூன்றாம் பாசேஜில் மியூட்டேஷனை மூலக் கட்டியோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

களையை ஒடுக்க ஒரு வழி, நட்லின்-3ஏ என்ற மருந்து: சேர்த்தால் பி53 (புற்றைத் தடுக்கும் மரபணு) கெடாத செல்கள் ஒடுங்கும். கட்டியிலேயே பி53 நன்றாக இருந்தால் புற்றும் சேர்ந்து போய்விடும். சீக்வென்சிங் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் ஊற்ற வேண்டாம்.

இதைவிட நல்ல வழி, நுரையீரல் உறையில் கோத்த நீரிலிருந்து தொடங்குவது. அதில் மூச்சுக்குழல் செல் கலக்க வழி குறைவு. அந்த நீரில் வரும் மீசோதீலியமும் (உறையின் செல்) மேக்ரோஃபேஜும் (நோய் எதிர்ப்புச் செல்) பெரும்பாலும் சில பாசேஜில் ஓய்ந்துவிடும். ஈரோடு, நாமக்கல்லிலிருந்து வருவதானால் கட்டிபடாமலிருக்க ஹெப்பாரின் சேர்த்து, பனிக்கட்டியாகவிடாமல் ஐஸ்பெட்டியில், அன்றைக்கே வந்து சேர வேண்டும். 300 ஜி-யில் (புவியீர்ப்பின் 300 மடங்கு விசையில்) 5 நிமிடம் சுழற்றி, சிவப்பணுவை உடைத்துக் கழுவி, 40 மைக்ரோலிட்டர் மேட்ரிஜெல் சொட்டுகளாக வையுங்கள். தட்டைக் கவிழ்த்து 37 டிகிரியில் 20–30 நிமிடம் விட்டால் செல்கள் அடியில் படியாமல் இறுகும். முதல் இரண்டு மூன்று நாள் மட்டும் மீடியத்தில் ஒய்-27632, 10 மைக்ரோமோலார். அப்புறம் 3–4 நாளுக்கு ஒருமுறை மீடியம் மாற்றினால் போதும்.

ஸ்குவாமஸ் (தட்டைச்செல்) வகைப் புற்றில் எங்கள் கைப்பழக்கம் சில மாதிரிகளோடு சரி. அங்கே இவ்வளவு உறுதியாகப் பேசமாட்டோம். ஸ்மால் செல் வகைக்கு இந்தப் போட்டியே பெரும்பாலும் தேவையில்லை, மீடியத்தில் மிதந்தபடியே கொத்தாக வளரும்.

எந்த வழியானாலும், முதல் சோதனைக்கு முன்னால் இரண்டு சிறு குப்பிச் செல்லையாவது 10 சதவீதம் டிஎம்எஸ்ஓ-வில் (உறையும்போது செல்லைக் காக்கும் திரவம்) உறையவைத்து, திரவ நைட்ரஜனுக்கு மாற்றிவிடுங்கள். நோயாளியிடம் மறுபடி மாதிரி கேட்க முடியாது.