வெள்ளியா, கறுப்பா?

அண்ணன் மகளுக்குப் பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. "அத்தை, உங்களிடம்தான் இரண்டு லேப்டாப் இருக்கிறதே, ஒன்றை எனக்குக் கொடுங்கள்" என்று வந்து நின்றாள். கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. எதைக் கொடுப்பது என்பதில்தான் ஒரு வாரம் ஓடிவிட்டது. சாப்பாட்டு மேசைமேல் இரண்டையும் அருகருகே வைத்து, பெண் பார்க்கப் போனவர்களைப் போலக் குறையும் நிறையும் பேசிக்கொண்டிருந்தோம்.

கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கும் கிரானைட் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. ஆகவே என் தீர்ப்பில் மாம்பழப் பிசுக்கும் கல்தூளும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இதே இரண்டும் வேறு விதமாகத் தெரியலாம்.

முதலாவது வெள்ளி நிறம். 13 அங்குலத் திரை, அலுமினிய உடல், ஒரு கிலோவுக்குச் சற்று மேல். மூன்று ஆண்டுகளுக்கு முன் புதிதாக வாங்கியது. இரண்டாவது கறுப்பு. 14 அங்குலம், இரண்டு கிலோவை நெருங்கும் கனம். பெங்களூரில் ஏதோ ஓர் அலுவலகம் ஓட்டிவிட்டுக் கழித்தது. வெள்ளியின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைத்தது. கம்பெனிப் பெயர்கள் வேண்டாம், இரண்டும் அந்தந்த இனத்தின் சராசரிப் பிள்ளைகள்.

வெள்ளி இனத்தின் மூதாதை, 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறையிலிருந்து உருவிக் காட்டிய ஆப்பிளின் மேக்புக் ஏர். தடித்த இடத்தில் 1.94 சென்டிமீட்டர், மெலிந்த ஓரத்தில் 0.4 சென்டிமீட்டர். அந்த மெலிவுக்காக டிவிடி டிரைவும் நெட்வொர்க் கேபிள் துளையும் போயின. யூஎஸ்பி துளை ஒன்றே ஒன்று மிஞ்சியது. அன்று அதைக் கேலி செய்தவர்கள் பலர். பிறகு வந்த மெல்லிய கணினிகள் எல்லாம் அந்த வழியில்தான் நடந்தன.

கறுப்பைப் பார்த்ததும் அண்ணன் மகள், "என்ன அத்தை, டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கிறது" என்று முகம் சுளித்தாள். அவளை அறியாமலே சரியாகச் சொல்லிவிட்டாள். 1992இல் ஐபிஎம் வெளியிட்ட திங்க்பேட் 700சிதான் இந்தக் கறுப்புப் பெட்டிகளுக்கெல்லாம் முன்னோடி. அதை வடிவமைத்த ரிச்சர்ட் சாப்பர் மனத்தில் வைத்திருந்தது ஜப்பானியர்களின் பென்டோ சாப்பாட்டுப் பெட்டி. வெளியே எந்த அலங்காரமும் இல்லாத கறுப்பு; திறந்தால் உள்ளே ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில், விசைகளின் நடுவில் சுட்டியை நகர்த்தச் சிவப்பாக ஒரு பொட்டு. எனக்கு அது ஒப்பனை இல்லாத அழகு. அவளுக்கு அது டிபன் பாக்ஸ்.

வெள்ளியின் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். மூடியை ஒற்றை விரலால் தூக்கலாம், அடிப்பாகம் அசையாது. கறுப்பைத் திறக்க ஒரு கை பிடிக்க வேண்டும், இன்னொரு கை நெம்ப வேண்டும். வெள்ளியின் டச்பேடில் விரல் வழுக்கிக்கொண்டு போவதே ஒரு சுகம். கறுப்பின் டச்பேட், தேய்ந்த சிலேட்டு. போதாக்குறைக்கு, கடன் விண்ணப்பத்துக்காக முதலாளியோடு வங்கிக்குப் போகும் நாட்களில் வெள்ளியைத்தான் எடுத்துப் போகிறேன். அதைப் பையிலிருந்து எடுத்ததும் நாற்காலி சீக்கிரம் கிடைக்கிறது. இதை அற்பம் என்பார்கள். நின்றுகொண்டே ஆறு மாத வரவு செலவை விளக்கிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் என் வேலை விரல் நுனியில் இருக்கிறது. டேலி என்ற கணக்கு மென்பொருளில் பணம் கொடுத்த வவுச்சருக்கு எஃப்5, வரவுக்கு எஃப்6, விற்பனைக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9. மாம்பழப் பருவத்தில் ஒரு நாளைக்கு இருநூறு கொள்முதல் சீட்டு ஏற்றுவேன். கண் சீட்டில் இருக்கும், விரல் தானாகப் போகும். வெள்ளியில் அந்த மேல்வரிசை விசைகள் நகக்கண் அகலம்தான். அதிலும் அவை முதலில் ஒலி, வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் விசைகள். இன்னொரு விசையைச் சேர்த்து அழுத்தினால்தான் எஃப் விசைகள். வாங்கிய முதல் நாள் எஃப்5 அழுத்தினேன், திரை இருண்டது. அமைப்பை மாற்றி வழிக்குக் கொண்டுவர ஒரு மாலை போயிற்று. விலை கொடுத்து வாங்கியவள் ஏன் ஒரு மாலையைச் செலவழிக்க வேண்டும் என்ற எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

இந்த மேல்வரிசையில்தான் பெரிய கம்பெனிகளே சறுக்கி விழுந்தன. லெனோவா 2014இல் எக்ஸ்1 கார்பன் லேப்டாப்பில் எஃப் விசைகளை எடுத்துவிட்டு, தொட்டால் மாறும் பட்டை ஒன்றை வைத்தது. அடுத்த ஆண்டே விசைகள் திரும்பி வந்தன. அதைப் பார்த்த பிறகும் ஆப்பிள் 2016இல் மேக்புக் புரோவில் டச் பார் கொண்டுவந்தது. பார்க்கக் கண்ணைப் பறிக்கும். தடவிப் பார்த்தால் வெறும் கண்ணாடி, விரலுக்கு எது எங்கே என்று தெரியாது. 2021இல் வந்த புதிய மேக்புக் புரோவில் அது இல்லை. எஃப் விசைகளோடு எச்டிஎம்ஐ துளையும் மெமரி கார்டு துளையும் காந்த சார்ஜரும் சேர்ந்தே திரும்பின. 2021இன் 16 அங்குல மாடல் முந்தையதைவிடச் சற்றுத் தடிப்பானது. அழகு குறைந்ததாக யாரும் புலம்பிக் கேட்டதில்லை.

விசையின் ஆழம் இன்னொரு விவகாரம். என் கறுப்பில் விசை ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் கீழே இறங்கும். வெள்ளியில் அதில் பாதி. பாதி போதாதா என்றால், ஒரு மணி நேரத்துக்குப் போதும். நான்காவது மணியில் விரல் நுனி மரத்துப்போகும். தமிழில் தட்டும்போது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. தமிழ்99 விசைப்பலகையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது ஆங்கில எஃப் (F) எழுத்துள்ள விசை. அழுந்தியதா இல்லையா என்று விரலுக்கு உறுதி வராததால், வெள்ளியில் விவசாயிகளுக்கு எழுதும் கடிதங்களில் மாங்கூழ் எல்லாம் "மாங்கூழ" ஆகிவிடும்.

தூசி என்று வந்தால் கதை சற்றுத் திரும்புகிறது. ஆப்பிள் 2015இல் கொண்டுவந்த பட்டாம்பூச்சி விசைப்பலகையில் விசைகள் அரை மில்லிமீட்டர் அளவே இறங்கின. ஒரு துகள் புகுந்தாலே விசை ஒட்டிக்கொள்ளும், அல்லது ஒரே எழுத்து இரண்டு முறை விழும். 2018இல் இலவசமாகப் பழுது பார்க்க ஏற்பாடு செய்தார்கள், 2019 இறுதியில் பழைய கத்தரி விசைமுறைக்கே திரும்பத் தொடங்கினார்கள், 2022இல் வழக்கை முடிக்க 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். எங்கள் ஊர்க் கிரானைட் பட்டறையில் அதைத் திறந்து வைத்திருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்குமா என்பதே சந்தேகம். அதற்காகக் கறுப்பு தூசியை வென்றது என்றும் எழுத முடியவில்லை. அதன் உள்ளே விசிறி ஓடுகிறது. பட்டறைக் காற்றை உறிஞ்சுகிறது. போன வருடம் ரவுண்டானா பக்கம் உள்ள கடையில் பிரித்தபோது, விசிறி இறக்கைகளில் விபூதி மடித்து வைத்ததுபோல் வெள்ளைக் கல்தூள். வெள்ளியில் விசிறியே கிடையாது. சூடாகும், வேகம் குறையும், ஆனால் தூளை உள்ளே இழுக்காது. மெலிவுக்காகச் செய்த ஒன்று பட்டறையில் உதவியாக முடிந்திருக்கிறது.

துளைகளைப் பற்றி ஒரே ஒரு காட்சி போதும். ஜூன் மாதம், தொழிற்சாலை எடை மேடை. பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகள் வாசல்வரை நிற்கின்றன. எடைக் கணக்கு பென்டிரைவில் வருகிறது. வெள்ளியில் டைப்-சி துளை இரண்டு மட்டும். பென்டிரைவ் செருக டாங்கிள் என்ற இணைப்புத் துண்டு வேண்டும். டாங்கிள் வீட்டில் பூஜை அலமாரிமேல். லாரி ஓட்டுநர் ஒருவர் என் கணினியைக் கையில் வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பணம் போட்டு வாங்கியதில் ஓட்டையே இல்லையே அம்மா" என்றார். கறுப்பில் மூன்று யூஎஸ்பி, எச்டிஎம்ஐ, நெட்வொர்க் கேபிள் எல்லாம் உண்டு. பின்பக்க பேட்டரியைத் தாழ்ப்பாள் நீக்கிக் கையாலேயே கழற்றி மாற்றலாம். ராம் (நினைவகம்) கூட்ட வேண்டுமானால் உள்ளூர்க் கடையிலேயே முடியும். வெள்ளியில் ராம் பலகையோடு பற்றவைத்தது, கூட்டவே முடியாது.

திரையில் வெள்ளிக்கே வெற்றி, பேச்சே இல்லை. கறுப்பில் நிறங்கள் வெளுத்த புடவை. என்றாலும் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வெள்ளியின் பளபளப்பில் என் முகம்தான் தெரிகிறது.

மூன்றாவதாக, 15.6 அங்குல பிளாஸ்டிக் இனம் ஒன்று உண்டு. வலப்பக்கம் தனி எண்பலகையோடு வரும். கணக்கருக்கு அதுதான் சரி என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். எண்பலகைக்கு இடம் விட்டு எழுத்து விசைகள் இடப்பக்கம் ஒதுங்குவதால், மாலைவரை உடம்பைக் கோணிக்கொண்டே உட்கார வேண்டியிருக்கிறது. நானூறு ரூபாய்க்குத் தனி எண்பலகை வாங்கிக் கறுப்பில் செருகிக்கொண்டேன்.

"சரி அத்தை, எனக்கு எது?" என்றாள் அவள், பொறுமை இழந்து.

அவளுக்கு டேலி கிடையாது, எடை மேடை கிடையாது. கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூருக்குத் தினமும் பஸ், பெரும்பாலும் நின்றுகொண்டு, தோளில் பை. இரண்டு கிலோ கறுப்பும் அதன் செங்கல் சார்ஜரும் அந்தத் தோளில் தொங்குவதை நினைத்துப் பார்த்தேன். மறுநாள் காலை வெள்ளியைத் துடைத்துக் கொடுத்தேன். டாங்கிளை மட்டும் பையின் ஜிப்போடு மஞ்சள் கயிற்றில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டேன். "அசிங்கமாக இருக்கிறது அத்தை" என்றாள். அவிழ்க்கவில்லை.