ரேமைத் தின்னும் அலுவலகச் சாட் செயலி: நீண்டநாள் அனுபவம்

எங்கள் அலுவலகத்தில் சாட், மீட்டிங், ஃபைல் பகிர்வு எல்லாமே ஒரே செயலியில்தான். சில வருடங்களாகக் காலையிலிருந்து மாலை வரை அது திறந்தே கிடக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தேடல் அருமை. போன வருடம் யாரோ போட்ட எரர் மெசேஜையும் அதற்குக் கிடைத்த தீர்வையும் நொடியில் எடுத்துவிடலாம்.

ஆனால் என்னுடையது 8 ஜிபி ரேம் லேப்டாப். மீட்டிங்கில் ஸ்க்ரீன் ஷேர் செய்துகொண்டே ஒரு பெரிய எக்செல் ஃபைலைத் திறந்தால் போதும், தட்டிய எழுத்துகள் கொஞ்ச நேரம் கழித்து மொத்தமாக வந்து விழும். ஃபேன் இரைச்சல் மைக் வழியாக எதிர்முனைக்கே கேட்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் அதே பெயரில் வரிசையாகப் பல ப்ராசஸ்கள். யாரிடமும் பேசாமல் சும்மா இருக்கும்போதே 1 ஜிபியைத் தொட்டுவிடுகிறது.

இது எலக்ட்ரானில் எழுதிய செயலி. கோட் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2013-இல் தன் ‘ஆட்டம்’ (Atom) என்ற கோட் எடிட்டருக்காகத் தொடங்கிய, டெஸ்க்டாப் செயலிகள் எழுதுவதற்கான கட்டமைப்பு அது. அதில் செய்த ஒவ்வொரு செயலியும் கூகுள் க்ரோமுக்கு அடிப்படையான க்ரோமியம் பிரவுசரை முழுசாகவே சுமந்துகொண்டு வரும். ஒரே கோட் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுவதால் தயாரிப்பவருக்குச் செலவு மிச்சம். அதற்கான விலையை நம் ரேம் கொடுக்கிறது. மனம் வைத்தால் குறைக்கலாம். மைக்ரோசாஃப்ட் 2023-இல் தன் சாட் செயலியான டீம்ஸை எலக்ட்ரானிலிருந்து, எட்ஜ் பிரவுசரின் எஞ்சினைப் பயன்படுத்தும் வெப்வியூ2-க்கு மாற்றியபோது, மெமரி பயன்பாடு பாதியாகக் குறைவதாக அறிவித்தது.

சரி, இதையெல்லாம் தேர்ந்தெடுப்பது யார்? லைசென்ஸ் புதுப்பிக்கும்போது நிர்வாகம் கேட்பது, ஒரு ஆளுக்கு மாதம் எவ்வளவு, ஏற்கெனவே வாங்கிய தொகுப்பிலேயே வருகிறதா என்பதுதான். தொகுப்போடு வருவதன் பலம் சாதாரணமில்லை. மைக்ரோசாஃப்ட் தன் ஆஃபீஸ் தொகுப்புடன் டீம்ஸைச் சேர்த்து விற்பதை எதிர்த்து 2020 ஜூலையில் ஐரோப்பிய ஆணையத்திடம் போட்டி சாட் செயலியான ஸ்லாக் புகாரே கொடுத்தது. செலவைப் பார்ப்பது நியாயம்தான். ஆனால் கையெழுத்துப் போடுகிறவரிடம் புது மெஷின் இருக்கிறது. நாள் முழுக்க அதில் பதில் தட்டுகிற சப்போர்ட் ஆட்களுக்குத்தான் பழைய லேப்டாப். அடுத்த முறை புதுப்பிக்கும் முன் அவர்கள் லேப்டாப்பில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள் என்று மெயில் போட்டிருக்கிறேன்.

அதுவரை எனக்குக் கைகொடுப்பது பிரவுசர்தான். டெஸ்க்டாப் ஆப்பைத் தானாகத் தொடங்காதபடி நிறுத்திவிட்டு, எப்படியும் திறந்திருக்கும் பிரவுசரிலேயே சாட்டுக்கென்று ஒரு டேப் திறந்து வைத்துக்கொள்கிறேன். நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்துவிட்டால் மெசேஜ் எதுவும் தவறுவதில்லை. வீடியோ கால் இருந்தால் மட்டும் ஆப்பைத் திறக்கிறேன், முடிந்ததும் முழுசாக மூடிவிடுகிறேன். ஜன்னலை மட்டும் மூடினால் அது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும்.