நாலு வருடம் சேர்த்த 18,460 பாயிண்டும் போச்சு: ரிவார்டு கார்டு வைத்திருப்பவர்கள் கவனம்

நேற்று மாலை நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கிற, நிறையக் கிளைகள் உள்ள பெரிய கடை. அங்கே நாலு வருடமாகச் சேர்த்த என் 18,460 ரிவார்டு பாயிண்டையும் துடைத்துவிட்டார்கள்.

அம்மாவுக்கு ஒரு வாஷிங் மெஷின் எடுக்கத்தான் ஒரு பாயிண்டைக்கூடத் தொடாமல் வைத்திருந்தேன். இரண்டு வருடம் முன்பு இஸ்திரிப் பெட்டி வாங்கும்போது, இருக்கிற பாயிண்டைக் கழித்துக்கொள்ளலாமா என்று நானே கேட்டேன். பில் போட்ட பெண் சொன்னார்: "சின்னப் பொருளுக்கு எதுக்கு மேடம் வீணாக்கறீங்க? சேர்த்து வைங்க, பெரிசா ஏதாவது எடுக்கும்போது உதவும். பாயிண்ட் எங்கேயும் போகாது." அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் அதை நம்பித்தான் சொல்லியிருப்பார். அந்த வார்த்தைக்காக அன்று முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

நேற்று மெஷினைத் தேர்ந்தெடுத்து கவுண்டரில் கார்டை நீட்டினேன். தேய்ந்து கடைசி நாலு எண் அழிந்துபோன கார்டு, அதனால் போன் நம்பரை வைத்துத் தேடினார்கள். பில் போடுகிற பையன் ஒன்றும் பேசாமல் திரையை என் பக்கம் திருப்பினான். இருப்பு: 0.

"எங்க கையில எதுவும் இல்லை, ஆப்பில் கேளுங்க" என்றார்கள். ஆப்பில் கேட்டால் தானியங்கிப் பதில், கஸ்டமர் கேருக்குப் போ என்றது. அங்கே 35 நிமிடம் காத்திருந்த பிறகு ஒருவர் வந்தார். 12 மாதம் பாயிண்டைப் பயன்படுத்தாத கணக்கு காலியாகிவிடும் என்று விதியை மாற்றிவிட்டார்களாம். "மெயில் அனுப்பினோமே" என்றார். தேடிப் பார்த்தேன். 'உங்களுக்காக இன்னும் சிறப்பான சலுகைகள்' என்ற தலைப்பில் ஒரு விளம்பர மெயில், அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரே வரி. மேலாளரைக் கேட்டதற்கு, நல்லெண்ணத்துக்காக 200 பாயிண்ட் போடுகிறோம் என்றார்கள். 18,460 எங்கே, 200 எங்கே!

சேர்த்து வை என்று சொல்லிவிட்டு, சேர்த்து வைத்ததற்காகவே பிடுங்கிக்கொள்வது எந்த ஊர் நியாயம்? நாம் பயன்படுத்தாத பாயிண்ட், கடையின் கணக்கில் நமக்குத் தரவேண்டிய பாக்கி. அது காலாவதியானால் அந்தப் பாக்கி அவர்களுக்கு வருமானமாகிவிடும். ஆனால் ஆளை இழப்பது எந்தக் கணக்கில் வரும்? கனடாவில் ஏர் மைல்ஸ் என்று ஒரு ரிவார்டு திட்டம், அதில் பாயிண்டுக்குப் பெயர் மைல். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட மைல்கள் 2016 டிசம்பர் 31-ஓடு செல்லாது என்று அறிவித்தது. ஜனங்கள் கொதித்தார்கள். போய்விடுமே என்ற பயத்தில் வேண்டாத பொருட்களுக்குக்கூட மைல்களைத் தீர்த்தார்கள். கடைசி மாதத்தில் நிறுவனம் பின்வாங்கியது, அதற்குள் தீர்த்தவர்களின் எரிச்சல் இன்னும் கூடியது. காலம் கடந்துவிட்டது என்பதற்காக மட்டும் பாயிண்டை அழிக்கக்கூடாது என்று அந்த நாட்டின் ஒன்டாரியோ மாகாணம் சட்டமே கொண்டுவந்தது.

என் தங்கை, சித்தி, அலுவலகத்தில் நாலு பேர், எல்லோரையும் அந்தக் கடைக்கு அனுப்பியது நான்தான். அந்தக் கார்டையே கொடுக்காமல் இருந்திருந்தால் இன்னும் அங்கேதான் வாங்கிக்கொண்டிருப்பேன். மெஷினை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

என்னென்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பாயிண்ட் இருந்தால் இன்றைக்கே எடுத்துச் செலவழித்துவிடுங்கள். இருப்பை மாதம் ஒருமுறை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கவுண்டரில் வாயால் சொல்வதை நம்பாதீர்கள், காலாவதி விதியை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் அனுப்பும் விளம்பர மெயிலைக் கடைசி வரி வரை படியுங்கள். 18,460 பாயிண்ட், அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.