கேனா, ஆர்.ஓ. கருவியா, காய்ச்சிய குழாய்நீரா: மதுரை வீடுகளின் குடிதண்ணீர்

மதுரையில் ஒரு குடும்பம் குடிதண்ணீருக்கு நம்பக்கூடிய வழிகள் பெரும்பாலும் மூன்று. வாசலில் இறங்கும் இருபது லிட்டர் கேன், நீரை நுண்சவ்வு வழியே அழுத்திச் செலுத்தி உப்பை நீக்கும், சமையலறைச் சுவரில் மாட்டிய ஆர்.ஓ. கருவி, மாநகராட்சிக் குழாயில் வருவதைப் பிடித்துக் காய்ச்சி மண்பானையில் ஊற்றி வைப்பது. ஒரு தலைமுறைக்கு முன்பு மூன்றாவது வழிதான் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் இருந்தது. இன்று அதைச் சொன்னால் பலர் தயங்குகிறார்கள். உடல்நலம், செலவு, சுற்றுச்சூழல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இந்தத் தயக்கத்துக்குப் பெரும்பாலான வீடுகளில் காரணம் இல்லை என்பதே என் முடிவு. ஆனால் எல்லா வீடுகளிலும் இல்லை. அந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பது, வீட்டுக்கு வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான்.

மதுரைக் குழாய்நீரின் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழை. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையிலிருந்து சுரங்கம் வழியே கிழக்கே திருப்பப்படும் நீர், 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையை அடைந்து, பண்ணைப்பட்டி சுத்திகரிப்பு நிலையத்தைக் கடந்து நகருக்கு வருகிறது. தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்திலுள்ள லோயர் கேம்பிலிருந்து நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கொண்டுவருவதற்காக வகுக்கப்பட்ட புதிய திட்டத்தின் நீரும் அதே மலையின் நீர்தான். மலைநீரில் கரைந்துள்ள உப்பு குறைவு. அதே தெருவில் முந்நூறு, நானூறு அடி ஆழத்தில் போர் போட்டு எடுக்கும் தண்ணீரோ, பருப்பு வேகாத அளவுக்கு உப்பும் கடினத்தன்மையும் கொண்டதாக இருக்கக்கூடும். நம் வீடுகளில் நல்ல தண்ணீருக்கு ஒரு குடமும் உப்புத் தண்ணீருக்கு ஒரு குடமும் தனித்தனியே இருப்பது இந்த வேறுபாட்டை அறிந்துதான். வாங்கும் கருவியைப் பற்றி யோசிக்கும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

முதலில் கேன். இதற்குச் சாதகமாகச் சொல்லக்கூடியது வசதி ஒன்றே. குழாய் இணைப்பு இல்லாத வாடகை வீடு, தனியாகத் தங்கிப் படிக்கும் மாணவர்கள், விசேஷ வீடு ஆகிய இடங்களில் வேறு வழி இருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி, ஊருக்கு வெளியே உள்ள ஆழ்துளைக் கிணற்றில் எடுத்து, ஆர்.ஓ. இயந்திரத்தில் செலுத்தி, மிஞ்சும் உப்புக் கழிவை அந்த மண்ணிலேயே விட்டு, டீசல் எரித்து நகருக்குள் கொண்டுவரப்படும் தண்ணீர் அது. சித்திரை, வைகாசி வெயிலில் குட்டியானை வண்டியின் திறந்த பின்புறத்தில் மணிக்கணக்கில் நிற்கும் கேன்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். பல கேன்கள் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து பிஸ்பீனால்-ஏ என்ற வேதிப்பொருள் நீரில் கசிவது வெப்பத்தில் கூடும். கேனின் உட்புற அடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சில நேரங்களில் மெல்லிய பச்சைப் படலம் தெரியும். அது பாசி, கேனைச் சரியாகக் கழுவாமல் மறுபடி நிரப்பியிருக்கலாம் என்பதற்கு அறிகுறி. கேனைத் தவிர்க்க முடியாதவர்கள், மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா, நிரப்பிய தேதியும் பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் அச்சாகியிருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டாவது வழியான ஆர்.ஓ. கருவியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நல்ல நோக்கத்தோடு, கடன் வாங்கியும்கூட மக்கள் வாங்கும் பொருள் அது. உறவினர் ஒருவரின் வீட்டுக்கு வந்த விற்பனையாளர், குழாய்நீர் ஒரு டம்ளரும் ஆர்.ஓ. நீர் ஒரு டம்ளரும் மேசைமேல் வைத்து, இரண்டிலும் மின்கம்பிகளை இறக்கிச் சுவிட்சைப் போட்டதை நான் அருகில் இருந்து பார்த்தேன். ஓரிரு நிமிடங்களில் குழாய்நீர் துருநிறமாகிக் கசடு மிதந்தது. மற்றது தெளிவாகவே இருந்தது. "இதையாம்மா பிள்ளைகளுக்குக் குடிக்கக் குடுக்குறீங்க?" என்று அவர் கேட்டதும் வீட்டம்மாவின் முகம் வாடிவிட்டது. உண்மையில் அந்தக் கசடு தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பியே கரைந்து வெளிவிடும் துரு அது. உப்புள்ள நீரில் மின்சாரம் பாயும், உப்பு நீக்கிய நீரில் அநேகமாகப் பாயாது. அதனால் ஒன்று கலங்குகிறது, மற்றொன்று கலங்குவதில்லை. ஆர்.ஓ. நீரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டு அதே சோதனையைச் செய்யச் சொன்னால் அதுவும் கலங்கிவிடும். பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரும் கரைந்துள்ள உப்பின் அளவை மட்டுமே காட்டும். கிருமி இருக்கிறதா இல்லையா என்பதை அது ஒருபோதும் சொல்லாது.

இந்தியத் தர நிர்ணய அமைவனம், கரைந்துள்ள உப்புகளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரமே இல்லையென்றால் 2,000 வரை அனுமதிக்கிறது. 500-க்குக் குறைவான நீருக்கு ஆர்.ஓ. தேவையே இல்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 2019-இல், அத்தகைய இடங்களில் ஆர்.ஓ. கருவியைத் தடைசெய்யும் வகையில் விதி வகுக்குமாறு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. தேவையற்ற இடத்தில் இந்தக் கருவி இரண்டு தீங்குகளைச் செய்கிறது. உடலுக்கு வேண்டிய கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் சேர்த்தே நீக்கிவிடுகிறது. சாதாரண வீட்டுக் கருவி ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்கு இரண்டு, மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. நாளுக்குப் பத்து லிட்டர் குடிக்கும் குடும்பத்தில் இப்படி வீணாவது ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 11,000 லிட்டர் வரை போகும். அது ஒரு பெரிய தண்ணீர் லாரியின் கொள்ளளவு. கோடை வந்தால் குடத்துடன் லாரிக்குக் காத்து நிற்கும் தெருக்கள் உள்ள ஊரில் இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். காய்ச்சுவது கிருமியைக் கொல்லும். தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனாலே போதும். எரிவாயு விலையை எண்ணித் தயங்குபவர்களுக்காகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து லிட்டர் நீரை மூடிபோட்டுக் கொதிக்க வைக்க, அடுப்பின் திறனை அறுபது விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், நூறு கிராமுக்குச் சற்றே கூடுதலான எரிவாயு செலவாகும். மாதம் முழுக்கச் சேர்த்தால் 14.2 கிலோ சிலிண்டரில் கால் பங்குக்கும் குறைவு. மாதத்துக்குப் பதினைந்து கேன் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் இது பாதியைக்கூடத் தொடாது. எரிவாயு எரிவதால் வரும் கரியமில வாயு இந்த வழியின் உண்மையான குறைதான். அதை மறைக்க விரும்பவில்லை. தெளிந்த குழாய்நீர் வரும் வீட்டில் ஒளியால் கிருமியைக் கொல்லும் புற ஊதாக் கதிர் கருவியை வைத்தால் அந்தக் குறையும் நீங்கும், நீரும் வீணாகாது, உப்புச்சத்தும் மாறாது. ஆர்.ஓ. வாங்கச் செல்பவர்கள் இதைக் கேட்டு வாங்கலாம்.

காய்ச்சுவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. 2024-இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, கடினத்தன்மை மிகுந்த நீரைக் கொதிக்க வைத்து வடிகட்டினால் அதிலுள்ள நுண்பிளாஸ்டிக் துகள்களில் 90 விழுக்காடு வரை நீங்குகிறது. பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணப் படிவு அந்தத் துகள்களைத் தனக்குள் பிடித்துக்கொள்வதே காரணம். கடினத்தன்மை குறைந்த நீரில் இந்தப் பலன் மிகக் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். எப்படியாயினும், ஆறிய பிறகு வெள்ளைத் துணியில் வடிகட்டும் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது.

ஆறிய நீருக்கு மண்பானையே சிறந்த இடம். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் ஈரம் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மதுரையின் வறண்ட கோடைக்காற்றில் இது நன்றாக வேலை செய்யும், ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அவ்வளவாகச் செய்யாது. வைகைக் கரையிலுள்ள மானாமதுரையின் மண்பாண்டங்களுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோடை தொடங்கும்போது அந்தப் பானைகள் நம் சாலையோரங்களில் குவிந்திருக்கும். வாங்கும்போது விரலால் தட்டிக் கணீரென்ற ஓசை வருகிறதா என்று பாருங்கள். சோப்புப் போடாமல் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, வாரம் ஒருமுறை வெயிலில் காயவைக்க வேண்டும். நுண்துளைகளில் உப்பு அடைத்துக்கொண்டால் குளிர்ச்சி குறைந்துவிடும். கையை விடாமல், நீண்ட காம்புள்ள அகப்பையால் மட்டுமே மொள்ள வேண்டும். காய்ச்சிய நீரில் மறுபடி கிருமி சேர்வது பெரும்பாலும் கையாலும் திறந்த மூடியாலும்தான்.

குழாய்நீரின் உண்மையான பலவீனம் அணையிலோ சுத்திகரிப்பு நிலையத்திலோ இல்லை. நம் தெருவிலும் நம் தொட்டியிலும் இருக்கிறது. விநியோகக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, விரிசல்கள் வழியே பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. ஒரு வீட்டின் அவசரம் தெருவுக்கே வயிற்றுப்போக்கைக் கொடுத்துவிடும். கலங்கலோ நாற்றமோ தெரிந்த நாளில் அந்த நீரைக் குடிக்கவே கூடாது, காய்ச்சினாலும் கூடாது. தரைத்தொட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கழுவாத வீட்டில் எந்தக் கருவியும் முழுப் பயன் தராது.

குழாய் இணைப்பு எட்டாத புறநகர்ப் பகுதிகளிலும் ஆழ்துளைக் கிணற்றை மட்டும் நம்பியிருக்கும் கிராமங்களிலும் என் பரிந்துரை மாறுகிறது. அங்கே கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டினாலோ, புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைக் கடந்தாலோ, நைட்ரேட் 45 மில்லிகிராமைக் கடந்தாலோ, காய்ச்சுவது உதவாது; நீர் ஆவியாவதால் அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். பச்சிளங்குழந்தை உள்ள வீட்டில் நைட்ரேட் மிகுந்த நீர் பெரும் ஆபத்து. அத்தகைய வீட்டுக்கு ஆர்.ஓ. தான் சரியான கருவி. அதன் கழிவு நீரை வாளியில் பிடித்து வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். செடிகளுக்கு ஊற்றினால் மண்ணில் உப்பு ஏறும். எந்தப் பக்கம் முடிவெடுப்பதாக இருந்தாலும், கருவிக்குப் பணம் கட்டுவதற்கு முன் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தி நீரைப் பரிசோதித்து, அறிக்கையில் உப்பு, கடினத்தன்மை, புளோரைடு, நைட்ரேட் ஆகிய நான்கு வரிகளையும் படித்துவிட்டுக் கடைக்குச் செல்லுங்கள்.