ஹீமட்டாலஜி கிட்: பெட்டிக்குள் எதைச் சோதித்து வாங்க வேண்டும்?

பி.பார்ம், எம்.பி.பி.எஸ்., டி.எம்.எல்.டி. முதலாண்டு லேபில் இரத்தத்தைச் சோதிக்கக் கற்றுக்கொள்ள மேசைமேல் வந்து உட்காரும் பெட்டிதான் இது. உள்ளே ஹீமோகுளோபின் அளக்கும் சாலி ஹீமோகுளோபினோமீட்டர், ஆர்.பி.சி. (சிவப்பணு) பிப்பெட், டபிள்யூ.பி.சி. (வெள்ளணு) பிப்பெட், அணுக்களை எண்ணக் கட்டம் போட்ட கண்ணாடியான நியூபாவர் சேம்பர், அதை மூடும் கவர்ஸ்லிப், ரப்பர் குழாய்கள். இன்று பெரும்பாலான மருத்துவமனைகளில் அணு எண்ணிக்கையை மிஷினே எடுத்துவிடுகிறது. பி.பார்ம் முதல் செமஸ்டர் பாடத்திட்டமோ கையால் எண்ணச் சொல்கிறது. ஆகவே பெட்டியைத் தவிர்க்க முடியாது. "எனக்கு கவுண்ட் வரவே மாட்டேங்குது" என்று புலம்புகிறவர்கள் கையைக் குறை சொல்வதற்குமுன் பெட்டியைப் பார்க்கட்டும்.

காசு செலவழிக்க வேண்டிய இடம் சேம்பர். சாதாரண கண்ணாடி சேம்பரில் கோடுகள் மங்கல். வெளிச்சம் சற்று கூடினாலே மறைந்துவிடும். உலோகப் பூச்சுள்ள பிரைட்லைன் வகையில் கோடுகள் பளிச்சென்று தெரியும். விலை கூடுதல்தான், ஆனால் தேர்வு நாளில் கோட்டைத் தேடியே கால் மணி நேரம் போகாது. எந்த வகையானாலும் மைக்ராஸ்கோப்பில் ஒளியைக் குவிக்கும் கன்டென்சரை இறக்கி, வெளிச்சத்தைக் குறைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கவர்ஸ்லிப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சேம்பரோடு வருவது சுமார் 0.4 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடி. அது உடைந்ததும் ஸ்லைடுக்குப் போடும் மெல்லிய கவர்ஸ்லிப்பை வைத்துச் சமாளிப்பார்கள். திரவம் இழுக்கும்போது மெல்லியது வளையும், சேம்பரின் 0.1 மி.மீ. ஆழம் மாறிவிடும், அதற்குமேல் கணக்கு எவ்வளவு சரியாகப் போட்டாலும் விடை தப்பு. சரியான கண்ணாடி சுத்தமான சேம்பரில் அழுந்தி உட்கார்ந்தால் ஓரங்களில் வானவில் வளையங்கள் தெரியும். கடையிலேயே இதைச் செய்து பாருங்கள்.

பிப்பெட்டில் பார்க்க வேண்டியவை மூன்று: முனை சிதைந்திருக்கக் கூடாது, குமிழுக்குள் மணி தடையின்றி உருள வேண்டும், கோடுகள் விரலால் தேய்த்தாலும் அழியக் கூடாது. சிவப்பு மணி ஆர்.பி.சி.க்கு, கோடுகள் 0.5, 1, 101. வெள்ளை மணி டபிள்யூ.பி.சி.க்கு, கோடுகள் 0.5, 1, 11. இரத்தத்தை 0.5 வரை இழுத்தால் முதலாவதில் 200 மடங்கு நீர்ப்பு, இரண்டாவதில் 20 மடங்கு. அவசரத்தில் சிவப்பு மணி பிப்பெட்டில் வெள்ளணுக்களுக்கான டர்க் திரவத்தை இழுத்துவிட்டால் அதிலுள்ள அசிட்டிக் அமிலம் சிவப்பணுக்களை உடைத்துவிடும். சேம்பரில் எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. இரத்தம் 0.5-ஐ மயிரிழை தாண்டினால் பஞ்சில் ஒற்றாதீர்கள். பஞ்சு பிளாஸ்மாவைக் குடித்து அணுக்களை விட்டுவிடும். நகத்தில் முனையை மெல்லத் தட்டி இறக்குங்கள்.

பெட்டியின் மோசமான பாகம் வாயால் உறிஞ்சும் ரப்பர் குழாய். ஆர்.பி.சி.க்குப் பயன்படும் ஹேயம் திரவத்தில் மெர்க்குரிக் குளோரைடு இருக்கிறது, அது விஷம். கூடவே இன்னொருவர் இரத்தம். வாய்முனையைக் கழற்றி எறிந்துவிட்டு 2 மி.லி. சிரிஞ்சைச் செருகிக்கொள்ளுங்கள். முதலில் கைக்கு அடங்காது. பத்துத் தடவை வெறும் தண்ணீரில் பழகினால் வந்துவிடும். பெட்டியிலேயே சிரிஞ்சு வைத்து விற்க என்ன தடையோ தெரியவில்லை.

நிரப்பும்போது முதல் இரண்டு சொட்டுகளைத் தள்ளிவிட வேண்டும். தண்டில் இருப்பது இரத்தம் கலக்காத திரவம். பள்ளத்தில் வழிந்தாலோ குமிழி தெரிந்தாலோ துடைத்துவிட்டு மறுபடி நிரப்புங்கள். இரண்டு மூன்று நிமிடம் அணுக்கள் படிய விடுங்கள். சிவப்பணுக்களுக்கு நடுச்சதுரத்தில் ஐந்து கட்டங்கள், அதாவது 80 சிறு சதுரங்கள். கிடைத்ததை 10,000-ஆல் பெருக்குங்கள். 480 எண்ணினால் ஒரு கன மி.மீ.க்கு 48 லட்சம். வெள்ளணுக்களுக்கு நான்கு மூலைச் சதுரங்கள், பெருக்க வேண்டியது 50. 140 எண்ணினால் 7,000. கோட்டைத் தொடும் அணுக்களில் இரண்டு பக்கத்தை மட்டும் சேர்த்து மற்ற இரண்டை விட்டுவிடுங்கள், எல்லாக் கட்டத்திலும் அதே பக்கங்கள். ஐந்து கட்டங்களுக்குள் வித்தியாசம் 20 அணுக்களுக்கு மேல் போனால் சரியாகக் கலக்கவில்லை என்று பொருள். 500 அணு எண்ணினாலே தற்செயல் பிழை நான்கைந்து சதவீதம் இருக்கும். பக்கத்து மேசை விடையோடு கடைசி இலக்கம்வரை ஒத்துப்போனால்தான் சந்தேகப்பட வேண்டும்.

சாலி கருவிக்கு எங்கள் மதிப்பெண் குறைவு. ஒப்பிடும் பழுப்புக் கண்ணாடி நாளடைவில் வெளுக்கும். வாங்கும்போது இருபக்கக் கண்ணாடியும் ஒரே நிறமா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள், கடையின் டியூப்லைட்டில் அல்ல. இதற்கு இரத்தம் எடுக்கும் 20 மைக்ரோலிட்டர் பிப்பெட்டையும் சோதிக்கலாம்: லேபில் உள்ள மைக்ரோபிப்பெட்டை 20-ல் வைத்து, மெழுகுத் தாளில் தண்ணீர்ச் சொட்டு விட்டு, அதை இழுத்துப் பாருங்கள். கோட்டில் நிற்க வேண்டும். கணிசமாக விலகினால் திருப்பிக் கொடுங்கள்.

சாலி குழாயில் N/10 (நீர்த்த) ஹைட்ரோகுளோரிக் அமிலம் அடியிலுள்ள 20 சதவீதக் கோடு வரை. கிராம் அளவு போட்ட பக்கத்திலும் ஒரு 20 உண்டு, அது மேலே, குழம்ப வேண்டாம். இரத்தம் விட்டதும் கலக்கி, முழுசாகப் பத்து நிமிடம் காத்திருங்கள். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் சேர்த்தால் ஹீமோகுளோபின் அமிலத்தோடு சேர்ந்து தரும் பழுப்புப் பொருளான அமில ஹீமட்டின் முழுதாக உருவாகியிருக்காது, அளவு குறைவாகத்தான் வரும். பிறகு காய்ச்சி வடித்த நீர், சொட்டுச் சொட்டாக. நிறம் ஒத்துவந்த இடத்தைக் குறித்துக்கொண்டு இன்னொரு சொட்டு விடுங்கள். வெளுத்தால் குறித்ததுதான் விடை. ஒப்பிடும்போது கண்ணாடிக் குச்சி திரவத்துக்கு மேலே இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் பிப்பெட்டில் தண்ணீர், பிறகு ஆல்கஹால், கடைசியில் அசிட்டோன். மணி ஒட்டாமல் உருளும்வரை காயவைத்த பிறகே பெட்டியை மூடுங்கள்.