12 வருஷமா ஓட்டுற பழைய ஹேங் கிளைடர்: வில்ஸ் விங் ஸ்போர்ட் 167 அனுபவம்

நான் குடியிருக்கிறது கலிபோர்னியாவுல மில்பிடாஸ்ல. இங்க இருக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேர் எட் லெவின் பார்க்குக்கு குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போயிருப்பீங்க, காத்து நல்லா இருக்கிற சனிக்கிழமை சாயந்திரம் மலைக்கு மேல ரெண்டு மூணு முக்கோண இறக்கை சுத்திக்கிட்டு இருக்கிறதையும் பாத்திருப்பீங்க. இன்ஜின் இல்லாம, ஆள் கீழ தொங்கிக்கிட்டு ஓட்டுற ஹேங் கிளைடர் அது, அதுல ஒண்ணு என்னோடது. பாக்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் "பழைய கிளைடர் ரொம்ப கம்மி விலைக்கு வருதே, வாங்கலாமா"ன்னு கேக்குறாங்க, ரெண்டு நிமிஷத்துல சொல்ற பதில் இல்ல அது, அதான் உக்காந்து எழுதுறேன்.

நான் வாங்குனது 2012ல, 600 டாலர், வில்ஸ் விங்கிற கம்பெனியோட ஸ்போர்ட் 167, 80களோட கடைசியில தச்ச செயில், அதாவது இறக்கைத் துணி. 167ங்கிறது இறக்கைத் துணியோட பரப்பு, சதுர அடியில. அலுமினிய டியூப், டாக்ரான் துணி, நடுவுல மேல நீட்டிக்கிட்டு நிக்கிற கிங்போஸ்ட், கீழ நாம புடிச்சுக்கிற முக்கோண பார். மடக்கிப் பையில போட்டா பதினெட்டு அடிக்கு மேல நீளம் வரும், கார் கூரையில கட்டி ஊருக்குள்ள ஓட்டுறதே தனியா கத்துக்க வேண்டிய வித்தை. எடை முப்பது கிலோவுக்கு உள்ளதான், ஆனா தோள்ல தூக்கிக்கிட்டு மேட்டுல ஏறும்போது அதைவிட ரெண்டு மடங்கு மாதிரி தோணும்.

முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன், இதைப் புரிஞ்சுக்க எனக்கு ரெண்டு சீசன் ஆச்சு. பழைய கிளைடரைப் பாத்த உடனே புதுசா வர்றவங்க சொல்ற குறை "துணி லூஸா தொளதொளன்னு இருக்கே"ங்கிறதுதான். அது குறையே இல்ல. அந்த லூசுதான் ஸ்டியரிங். இந்த இறக்கையில விமானம் மாதிரி அசையிற மடிப்பு எதுவும் கிடையாது, நாம உடம்பை ஒரு பக்கம் நகத்துறோம் அவ்வளவுதான், ஆனா முப்பது அடிக்கு மேல அகலமுள்ள இறக்கையை ஒரு எழுபது கிலோ ஆள் பக்கவாட்டுல ஒரு அடி ரெண்டு அடி நகர்ந்து மட்டும் சாய்ச்சுட முடியாது. உண்மையில நடக்கிறது வேற. நாம வலது பக்கம் போகும்போது நடுவுல ஓடுற கீல் டியூபும் கொஞ்சம் வலது பக்கம் இழுபடுது, அதனால வலது பக்கத் துணி தளர்ந்து பின் விளிம்பு மேல தூக்கிக்குது, இடது பக்கத் துணி இறுகுது. இறுகுன பக்கம் காத்தை நல்லா வாங்கி மேல ஏறுது, தளர்ந்த பக்கம் இறங்குது. பறக்கும்போது ஒரு தடவை தலையை நிமிர்த்திப் பாருங்க, திருப்பம் ஆரம்பிக்கிற நேரத்துல கீல் ஒரு இன்ச் ரெண்டு இன்ச் நகர்றது கண்ணுக்கே தெரியும். நான் முதல் தடவை அதைக் கவனிச்சப்போ திருப்பத்தை பாதியில விட்டுட்டு அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். சின்ன வயசுல பட்டத்துக்கு சூத்திரம் கட்டும்போது அரை விரக்கடை தள்ளிக் கட்டுனா பட்டம் வேற மாதிரி பேசும்ல, அதே கதைதான் இது.

ஆனா இந்த நகர்வு உடனே நடக்காது. ஸ்போர்ட்ல உடம்பை நகத்தின உடனே மூக்கு முதல்ல எதிர்ப் பக்கம் லேசா வழுக்கும், அப்புறம் ஒரு அரை மூச்சு கழிச்சுதான் இறக்கை சாயும். அந்த அரை மூச்சைப் பொறுக்க முடியாம இன்னும் இழு இன்னும் இழுன்னு இழுத்தா, ரெண்டும் சேர்ந்து வந்து தேவைக்கு மேல சாஞ்சுடும், உடனே பதறி எதிர்ப்பக்கம் போவோம், அது இன்னொரு பக்கம் சாயும், இப்படியே ஊஞ்சல் மாதிரி ஆயிடும். பழசு ஓட்டுறவங்க முதல்ல கத்துக்க வேண்டியது இந்தப் பொறுமைதான்: நகத்து, நிறுத்து, அது வரட்டும். சாஞ்சு சுத்த ஆரம்பிச்சப்புறம் கூட இது இன்னும் உள்ள சாயப் பாக்கும், அதனால தெர்மல்ல, அதாவது மேல எழும்புற சூடான காத்துல, சுத்தும்போது பாதி நேரம் வெளிப்பக்கமா கொஞ்சம் எடை வெச்சுக்கிட்டே இருக்கணும். ஒரு மணி நேரம் சுத்துனா தோள்பட்டை சொல்லும்.

இந்த இறக்கை எங்க இருந்து வந்ததுன்னு தெரிஞ்சாதான் இதோட குணம் புரியும். அமெரிக்காவுல பிரான்சிஸ் ரொகாலோன்னு ஒரு இன்ஜினியர், பிற்காலத்துல நாசா ஆன அமைப்புல வேலை பாத்தவர், அவரும் அவர் மனைவி கெர்ட்ரூடும் 1948ல வீட்டுத் திரைச்சீலைத் துணியை வெச்சு எலும்புக்கூடு இல்லாம காத்துலயே வடிவம் புடிக்கிற ஒரு பட்டம் செஞ்சாங்க. 60கள்ல நாசா அதை ஜெமினி விண்கலத்தைத் தரையிறக்கப் பயன்படுத்தலாமான்னு சோதிச்சுட்டு கைவிட்டுடுச்சு. அதே காலத்துல, 1963ல, ஆஸ்திரேலியாவுல கிராப்டன்கிற ஊர்ல ஜான் டிக்கின்சன் அந்த ஊர் ஜக்கரண்டா திருவிழாவுக்காக படகு இழுத்துப் பறக்குற இறக்கை ஒண்ணு கட்டினார், துணிக்குப் பதிலா வாழைத்தார் மூடுற பிளாஸ்டிக் உறை. அவர் செஞ்ச பெரிய காரியம் இறக்கை இல்ல, அதுக்குக் கீழ மாட்டின முக்கோண பார். ஆள் தொங்கிக்கிட்டு அந்த பாரைத் தள்ளி இழுத்து ஓட்டலாம்ங்கிற யோசனை. இன்னைக்கு நான் புடிச்சுக்கிட்டு இருக்கிறது அப்படியே அதேதான், அறுபது வருஷத்துல இறக்கையில மாறாதது எதுவுமே இல்ல, அந்த முக்கோணம் மட்டும் மாறல.

ஸ்டாண்டர்டுன்னு இங்க எல்லாரும் சொல்றது அந்த முதல் தலைமுறை ரொகாலோ கிளைடரைத்தான், 70களோட ஆரம்பத்துல இந்த கலிபோர்னியா கடற்கரை மேடுகள்ல எல்லாம் பறந்தது. மூக்குக் கோணம் 80, 90 டிகிரிதான், அம்பு முனை மாதிரி இருக்கும், ஒரே அடுக்குத் துணி. பழசு சேகரிக்கிற ஒருத்தர் கிட்ட ஒண்ணு இருந்துச்சு, சின்ன மேட்டுல மூணு தடவை ஓட்டக் குடுத்தார். தூக்கி நின்னா பறவை மாதிரி லேசு. நாலு அடி முன்னால போனா ஒரு அடி கீழ வந்துடும், மேட்டோட சரிவும் அதோட சரிவும் ஏறக்குறைய ஒண்ணுதான், பறக்குறோமா இறங்குறோமான்னு தெரியாது. ஆனா தரையிறங்குறது, அடடா, பாரை முழுசா தள்ளிட்டா குடை மாதிரி நின்னு அப்படியே காலை ஊனிக்கலாம். அந்த சுகம் அதுக்கப்புறம் வந்த எந்த மாடல்லயும் கிடையாது.

அந்த சுகத்துக்குப் பின்னால ஒரு பயங்கரமும் இருந்துச்சு. வேகம் எடுக்கணும்னு பாரை ரொம்ப இழுத்தாலோ, காத்து மேல இருந்து அமுக்குனாலோ துணி கொடி மாதிரி படபடக்க ஆரம்பிச்சுடும், வடிவமே போயிடும், வடிவம் போன இறக்கை மூக்கைத் தூக்காது, அப்படியே நேரா கீழ. பாரைத் தள்ளுனாலும் மீளாது. 70கள்ல பல பேர் இதுல உயிரை விட்டாங்க. பழைய கிளைடர்ல இருக்கிற ஒவ்வொரு கயிறும் ஒவ்வொரு வளைவும் அந்த சாவுகளுக்கு அப்புறம் வந்த பதில், அதனாலதான் பழசு வாங்கி "இந்தக் கயிறு எதுக்கு, காத்தை அடைக்குது"ன்னு யாராவது கழட்டுறதைப் பத்திப் பேசுனா எனக்கு வயித்தைக் கலக்குது.

என் ஸ்போர்ட்ல பாத்தீங்கன்னா கிங்போஸ்ட் உச்சியில இருந்து துணியோட பின் விளிம்புக்கு மெல்லிசா சில கயிறு ஓடும். சாதாரணமா பறக்கும்போது அது தொளதொளன்னுதான் இருக்கணும். மூக்கு ரொம்பக் கீழ போனா மட்டும் அது இறுகி பின் விளிம்பைத் தாழ விடாம மேலயே புடிச்சுக்கும், பின்பக்கம் மேல நிக்கிறதால மூக்கு தானா எழும்பும். இறக்கை நுனியும் அப்படித்தான், ஒரு அளவுக்கு மேல கீழ திரும்ப முடியாதபடி உள்ள தடுப்பு இருக்கு, நுனி பின்னால தள்ளி இருக்கிறதால அது விமானத்தோட வால் செய்யிற வேலையைச் செய்யுது. இதெல்லாம் ஒழுங்கா இருக்குன்னு நமக்குச் சொல்றது பார்தான். இழுக்க இழுக்க பார் கனமாகணும், கையை எதிர்த்துத் தள்ளணும். ஸ்போர்ட்ல அந்த எதிர்ப்பு தெளிவாத் தெரியும், கண்ணை மூடிக்கிட்டுக்கூட எவ்வளவு வேகத்துல இருக்கோம்னு கையே சொல்லும். இழுக்கும்போது எந்த இடத்துலயாவது பார் லேசாயிடுச்சுன்னா அந்த கிளைடரை அன்னைக்கே மடக்கி வெச்சுடுங்க.

அடுத்த பெரிய திருப்பம் 1980 வாக்குல யூபி கம்பெனி கொண்டு வந்த காமெட். அதுவரைக்கும் துணிக்குக் கீழ காத்துல அம்போன்னு நின்ன குறுக்கு டியூபை ரெண்டு அடுக்குத் துணிக்கு நடுவுல ஒளிச்சு வெச்சாங்க, அதைக் கீல்ல இறுக்கிக் கட்டாம மிதக்க விட்டாங்க. நான் மேல சொன்ன அந்த கீல் நகர்வு ரெண்டடுக்கு இறக்கையிலயும் கிடைச்சது இதனாலதான். ஸ்டாண்டர்டுல நாலுக்கு ஒண்ணுன்னு ஆரம்பிச்ச சறுக்கு பத்துக்கு ஒண்ணு பக்கம் வந்துடுச்சு. அதுக்கப்புறம் இங்கிலாந்து ஏர்வேவ் மேஜிக், ஆஸ்திரேலியா மோயஸ் ஜிடிஆர், வில்ஸ் விங் ஸ்போர்ட்னு 80கள்ல வந்தது எல்லாம் ஒரு வகையில அந்த காமெட்டோட சொந்தக்காரங்கதான்.

ஒரு சீசன் முழுக்க ஒரு நண்பரோட ஹெச்பி ஏடி 158 ஓட்டினேன், வில்ஸ் விங்கோட அந்தக் காலத்துப் பந்தய மாடல். அதுல விஜி கயிறு இருக்கு, இழுத்தா குறுக்கு டியூப் பின்னால போய் துணி முழுக்க முரசுத் தோல் மாதிரி இறுகிடும். நேராப் போகும்போது அருமையா சறுக்கும், அடுத்த மேட்டுக்குப் போய்ச் சேருவோமாங்கிற கவலையே இல்ல. ஆனா இறுக்கின நிலையில திருப்பிப் பாருங்க, கதவை உடம்பால இடிச்சுத் திறக்குற மாதிரி. கயித்தை விட்டா மறுபடி இளகும். லூசு குடுக்கிறது கட்டுப்பாடு, இறுக்கம் குடுக்கிறது தூரம், ரெண்டும் சேர்ந்து கிடைக்காதுங்கிறது ஒரே மதியத்துல உடம்புல பதிஞ்சுடும். அந்த சீசன்ல தூரம் அதிகம் போனேன், ஆனா வீட்டுக்கு வரும்போது களைச்சுப் போய் வந்தேன், சீசன் முடிஞ்சதும் ஸ்போர்ட்டுக்கே திரும்பிட்டேன். சான் பிரான்சிஸ்கோ போர்ட் பன்ஸ்டன்ல கடல் காத்து மேற்குல இருந்து சீரா வர்ற நாள்ல அந்த இருநூறு அடி மணல் மேட்டு ஓரமா ஸ்போர்ட்ல போய்ட்டு வந்துக்கிட்டே இருக்கலாம், கை ரெண்டு விரல்தான் பார்ல இருக்கும்.

தரையிறங்குறது பத்திச் சொல்லாம விட்டா நேர்மையா இருக்காது. வேகம் மணிக்கு 20 மைல் பக்கத்துல வந்தா இறக்கை தூக்குறதை நிறுத்திடும், அந்த நேரத்துல பாரை ஒரே தள்ளா மேல தள்ளணும். சீக்கிரம் தள்ளுனா மேல தூக்கிட்டுப் போய்க் கீழ போடும், லேட்டா தள்ளுனா மூக்கு தரையில குத்தும். மூணாவது மாசம் எட் லெவின் மைதானத்துல காத்து சுத்தமா செத்துப் போன ஒரு சாயந்திரம், கை பயத்துல பாரோட கீழ் பக்கத்துலயே இருந்துடுச்சு, தள்ள ஆரம்பிச்சப்போ கால் ஏற்கனவே புல்லைத் தொட்டாச்சு. மூக்கு குத்தி இடது டவுன்டியூப், அதாவது முக்கோண பாரோட இடது பக்கக் கால், வாழைக்காய் மாதிரி வளைஞ்சுடுச்சு. எனக்கு ஒண்ணும் ஆகல, தப்பு முழுக்க என்னோடது. முதல்ல வளையட்டும்னுதான் அந்த டியூபை வெச்சிருக்காங்க, அது வளைஞ்சா இறக்கையும் நம்ம கையும் தப்பிக்கும். அதுல இருந்து எப்பவும் ஒரு ஸ்பேர் டியூப் கார்ல கிடக்கும்.

இப்போ வாங்க நினைக்கிறவங்களுக்கு. டியூப் பளபளன்னு இருக்கான்னு பாக்காதீங்க, முதல்ல துணியைப் பாருங்க. வெயில் டாக்ரானைத் தின்னுடும், அதுவும் தையல் நூலைத்தான் முதல்ல. நகத்தால நூலைக் கீறிப் பாருங்க, பொடி மாதிரி உதிர்ந்தா பேச்சே இல்ல, விட்டுட்டு வந்துடுங்க. நான் இன்னொரு கிளைடரை "ரெண்டு வருஷம்தான் வெளிய எடுத்தது"ன்னு ஒருத்தர் சொன்னதை நம்பி வாங்கி, வீட்டுக்கு வந்து பிரிச்சப்போ மேல் துணி விரலுக்கே கிழிஞ்சுது, அந்தக் காசு போனது போனதுதான். அடுத்தது பார்ல இருந்து இறக்கைக்குப் போற பக்கவாட்டுக் கீழ் வயர். 3/32 இன்ச் ஸ்டீல் வயருக்கு மேல பிளாஸ்டிக் உறை இருக்கும், உள்ள துரு புடிச்சு ஒரு இழை அறுந்தாலும் வெளிய தெரியாது, கடற்கரையில பறந்த கிளைடர்னா கேள்வியே கேக்காம கீழ் வயர் எல்லாத்தையும் மாத்திடுங்க. நாம தொங்குற பெல்ட்டையும் மாத்துங்க, அது டீ செலவு.

பேட்டன் பத்தி யாருமே பேச மாட்டேங்கிறாங்க, அதான் எனக்கு வருத்தம். துணிக்குள்ள செருகுற அந்த வளைஞ்ச அலுமினியக் குச்சிதான் இறக்கைக்கு வடிவம். ஒவ்வொண்ணும் எப்படி வளையணும்னு கம்பெனி குடுத்த முழு அளவு காகித வரைபடம் இருக்கும், அது இல்லாம கிளைடர் வாங்காதீங்க. நான் வருஷத்துக்கு ரெண்டு தடவை கராஜ் தரையில அந்தக் காகிதத்தை விரிச்சு ஒவ்வொரு பேட்டனையும் கோட்டு மேல வெச்சுப் பாப்பேன். செருகி உருவி, செருகி உருவி வருஷக்கணக்குல வளைவு தேயும், முக்கியமா நடுவுல இருக்கிற பேட்டனோட வால் பக்கம் மேல தூக்கியிருக்கிற வளைவு. அது தட்டையாயிடுச்சுன்னா மூக்கைத் தூக்குற பலம் குறையுதுன்னு அர்த்தம். 2015ல காரணமே இல்லாம கிளைடர் இடது பக்கமா இழுத்துக்கிட்டே இருந்துச்சு, ரெண்டு வாரம் வயரை அளந்தேன் டியூபை அளந்தேன், கடைசியில பாத்தா வெளிப்பக்கத்து பேட்டன் ஒண்ணு இன்னொரு பக்கத்து ஜோடியைவிட ஒரு விரல் கனம் அதிகமா வளைஞ்சிருந்தது. முழங்கால்ல வெச்சு மெதுவா நிமித்தினேன், அடுத்த நாள் நூல் புடிச்ச மாதிரி நேராப் போச்சு.

முதல் கிளைடரா வாங்கலாமான்னா, வேண்டாம். பயிற்சியாளர் கிட்ட ஒற்றை அடுக்கு கிளைடர்ல கத்துக்கிட்டு, தரையிறங்குறது கையில படிஞ்சப்புறம் இதுக்கு வாங்க. உங்க எடைக்கு ஏத்த சைஸ் பாருங்க, அறுபது கிலோ ஆளுக்கு 167 பெருசு, காத்து கொஞ்சம் முரண்டு புடிச்சாலே திருப்ப முடியாம கை ஓஞ்சுடும். இதைவிட தூரம் போற இறக்கை இன்னைக்கு எவ்வளவோ இருக்கு, கிங்போஸ்ட்டே இல்லாம பதினஞ்சுக்கு ஒண்ணு சறுக்குறதெல்லாம் இருக்கு, எனக்கு அது தேவைப்படல. போன மாசம் செயிலைத் திரும்ப சோதிச்சேன், மூக்குப் பக்கம் ஒரு தையல் மட்டும் திரும்பப் போடணும், மத்தபடி தாங்குது. கீழ் வயர் ரெண்டும் ஆர்டர் போட்டிருக்கேன், வந்ததும் மாட்டிட்டு ஏப்ரல் காத்துக்கு மேல ஏறணும்.