கோடை இடிமழையும் செயலியின் மேகப்படமும்: எதை நம்பலாம், எதை விடலாம்

"மாலை 4 மணி, மழை 40%" என்று போனில் இருக்கும். 4 மணிக்கு வெயில் மண்டையைப் பிளக்கும். மழைப்படம் போய் வெறும் மேகம் வந்துவிட்ட ஆறரை மணிக்குக் காற்றும் ஆலங்கட்டியுமாகக் கொட்டித் தீர்க்கும். உடனே "இவர்கள் சொல்வது எப்போதுமே இப்படித்தான்" என்ற சலிப்பு வரும். பல கோடைகள் தொடர்ந்து பயன்படுத்திப் பார்த்ததில் தெரிவது: சலிப்பு நியாயம்தான், ஆனால் குற்றவாளி வேறு. வானிலைச் செயலிகளில் கோடை இடிமழைக்கு மிகக் குறைவாக உதவுவது அந்த மணிவாரி மேகப்படம். உருப்படியானவை இரண்டு மூன்று தட்டல்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன.

மேகப்படம் ஏன் தோற்கிறது? செயலிக்குப் பின்னால் இருப்பது மாடல், அதாவது வானிலையைக் கணக்கிடும் கணினி நிரல். ஐரோப்பிய மாடல் பூமியைச் சுமார் 9 கி.மீ. கட்டங்களாகவும், அமெரிக்க மாடலான ஜிஎஃப்எஸ் சுமார் 13 கி.மீ. கட்டங்களாகவும் பிரித்துக் கணக்கிடுகின்றன. தனி இடிமேகம் ஒன்றின் மழைத்தூண் பெரும்பாலும் 5 முதல் 10 கி.மீ. அகலம்தான், ஆயுள் அரை மணி முதல் ஒரு மணி. வலையின் கண்ணைவிடச் சிறிய மீன் அது. அதனால் மாடல் அந்த மேகத்தையே கணக்கிடுவதில்லை. கட்டத்தின் சூடு, ஈரம் ஆகியவற்றை வைத்து "இவ்வளவு மழை பெய்திருக்கும்" என்று ஒரு தோராயச் சூத்திரத்தால் நிரப்புகிறது. இந்தச் சூத்திரங்களுக்கு ஊரறிந்த கோளாறு ஒன்று உண்டு. நிலப்பரப்பில் மழையை நண்பகலை ஒட்டியே தொடங்கிவிடும். பரவலாக, மெல்லியதாகத் தூவும். நிஜ இடிமழையோ பிற்பகல் முற்றி, மாலையில், ஒரே இடத்தில் கொட்டும். ஆகவே கோடையில் "மதியம் 1 மணி முதல் லேசான மழை" என்று நீண்ட பட்டையாகக் காட்டினால், மாலையில் எங்கோ ஓரிடத்தில் இடிமழை என்று படிப்பதே சரி. 1 முதல் 4 கி.மீ. கட்டம் கொண்ட மாடல் உங்கள் பகுதிக்குக் கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இடிமேகத்தின் வடிவமும் நேரமும் நன்றாகவே வரும். இடம் மட்டும் பல பத்து கி.மீ. தள்ளிப் போகலாம், அதற்காக அதைத் திட்ட வேண்டாம்.

சதவீதத்தையும் பலர் தவறாகவே படிக்கிறார்கள். 40% என்றால் நாளில் 40% நேரம் பெய்யும் என்பதல்ல. நீங்கள் இருக்கும் புள்ளியில், அந்த நேரத்துக்குள், அளக்கும்படியான மழை விழ பத்தில் நான்கு வாய்ப்பு. அளக்கும்படியானது என்பதற்கு அமெரிக்க வரம்பு வெறும் 0.25 மி.மீ. தூறலும் 50 மி.மீ. பேய்மழையும் ஒரே 40%-க்குள் அடங்கிவிடும். மழையின் கடுமை பற்றி அந்த எண் வாயே திறப்பதில்லை.

கடுமை தெரிய வேண்டுமானால் காலையில் வேறு எண்களைப் பாருங்கள். விண்டி போன்ற செயலிகளில் "கேப்" என்றொரு அடுக்கு இருக்கும். மேலெழும் காற்றுக்குக் கிடைக்கக்கூடிய ஆற்றல் அது. கிலோவுக்கு 1000 ஜூலைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 2500-ஐத் தாண்டினால் கொதிகலன். ஆனால் கொதிகலனுக்கு மூடியும் உண்டு. தரைக்கு மேலே ஒன்றிரண்டு கி.மீ. உயரத்தில் வெப்பமான காற்றடுக்கு உட்கார்ந்துகொண்டு கீழ்க்காற்றை எழவிடாது. ஆற்றல் அதிகம், மூடியும் கெட்டி என்ற நாள்தான் எல்லோரையும் ஏமாற்றும் நாள்: ஒன்று, பளிச்சென்ற வானத்தோடே பொழுது சாயும், அல்லது மாலையில் மூடி உடைந்து ஒரு மணி நேரத்துக்குள் இடிமேகம் வெடித்துக் கிளம்பும். மாடல்களும் இங்கேதான் அதிகம் சறுக்குகின்றன. மேலடுக்குக் காற்று எப்படி என்பதும் முக்கியம். தரைக்கும் 6 கி.மீ. உயரத்துக்கும் இடையே காற்றின் வேக, திசை வேறுபாடு நொடிக்கு 20 மீட்டர் அளவுக்கு இருந்தால் மேகம் சட்டென்று சாகாது. ஒழுங்கமைந்து மணிக்கணக்கில் நீடிக்கும். பனிப்புள்ளியை, அதாவது காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று காட்டும் வெப்பநிலையை, நண்பகலில் இன்னொரு முறை பாருங்கள். காலையில் 22 டிகிரி இருந்தது மதியம் 16-க்கு இறங்கியிருந்தால், மேலிருந்து உலர்காற்று கலந்துவிட்டது என்று பொருள். காலை மிரட்டல் பாதி கரைந்திருக்கும்.

பிற்பகலுக்குப் பின் மாடலை மூடிவிட்டு ரேடாரைத் திறப்பது நல்லது. முதலில் படத்தின் நேரத்தைப் பாருங்கள். இதை விடுபவர்களே அதிகம். 15 நிமிடம் பழைய படமாக இருந்தால், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் மழை அதற்குள் 10 கி.மீ. நகர்ந்திருக்கும். நிறத்தை நம்பாதீர்கள், செயலிக்குச் செயலி சிவப்பின் பொருள் மாறும். டிபிஇசட் (dBZ) எண்ணைப் படியுங்கள், மழையில் பட்டுத் திரும்பும் ரேடார் எதிரொலியின் வலிமை அது. வழக்கமான சூத்திரப்படி 40 என்பது மணிக்குச் சுமார் 12 மி.மீ. மழை, 50 என்பது சுமார் 50 மி.மீ. 55-60-ஐத் தாண்டினால் ஆலங்கட்டியை எதிர்பாருங்கள். படத்தை மழமழப்பாக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அழகுக்காகச் சிறு கருக்களை, அதாவது மழை மிகக் கனமாக விழும் சிறு பகுதிகளை, கரைத்துவிடும்.

ரேடாருக்கும் குருட்டுப் புள்ளிகள் உண்டு. அரை டிகிரி சாய்வில் அனுப்பும் கற்றை 100 கி.மீ. தொலைவில் ஒன்றரை கி.மீ. உயரத்திலும், 200 கி.மீ. தொலைவில் நான்கு கி.மீ. உயரத்திலும் போகிறது. தொலைவில் உள்ளவர்களுக்கு மேகத்தின் இடுப்பு தெரியும், கால் தெரியாது. குறுகிய அலைநீள ரேடார்களில், கனமழைக் கருவுக்குப் பின்னால் வெறுமை தெரிந்தால் அது வறட்சி என்று எண்ண வேண்டாம். முன்னால் உள்ள மழை கற்றையை விழுங்கிவிட்டது. "அடுத்த 2 மணி நேர ரேடார்" என்று ஓடும் படம் பல செயலிகளில் இப்போதிருக்கும் மழையை அதே திசையில் இழுத்துவிடும் வேலைதான். முதல் அரை மணிக்கு அருமை, ஒரு மணிக்குப் பின் கற்பனை. புதிய மேகம் பிறப்பதும் பழையது சாவதும் அதற்குத் தெரியாது. நீங்களே தேட வேண்டியது, மழைக்கு முன்னால் வில்போல் விரியும் மெல்லிய கோடு. அது இடிமழையிலிருந்து வெளியே பரவும் குளிர்காற்றின் முனை. அப்படி இரண்டு கோடுகள் மோதும் இடத்தில் புதிய இடிமேகம் கிளம்ப நல்ல வாய்ப்பு.

மின்னல் வரைபடங்களில் பிளிட்சோர்ட்டுங் வலையமைப்பின் தரவு நொடிக்கணக்கில் வந்துவிடும். தன்னார்வலர்களின் கருவிகள் என்பதால் கருவி குறைந்த பகுதிகளில் விடுபடல் அதிகம். எச்சரிக்கை ஒலிகளை மட்டும் நம்புவது வேண்டாம். காது அதைவிட வேகம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 நொடிக்கு ஒரு கி.மீ. 30 நொடிக்குள் இடி கேட்டால் 10 கி.மீ.க்குள் இருக்கிறது, உள்ளே போய்விடுங்கள்.

முன்னறிவிப்பு மீதான சந்தேகத்தை அளந்தும் பார்க்கலாம். 1884-இல் அமெரிக்க வானிலையாளர் ஜான் ஃபின்லி சுழற்காற்று முன்னறிவிப்புகள் வெளியிட்டு, மொத்தம் 2803 முன்னறிவிப்புகளில் 96.6% சரி என்றார். "வராது" என்றே எப்போதும் சொல்லியிருந்தால் 98.2% சரியாக இருந்திருக்கும்! வரும் என்று அவர் சொன்ன 100 முறையில் வந்தது 28. வெறும் "சரி" விகிதம் எதையும் காட்டாது. எனவே காலைச் சதவீதத்தையும், உங்கள் இடத்தில் பெய்ததா என்பதையும் குறித்து வையுங்கள். பெய்தால் 1, பெய்யாவிட்டால் 0 என்று வைத்து, முன்னறிவிப்பு அதிலிருந்து விலகிய அளவை வர்க்கமாக்குங்கள்: 40% சொல்லிப் பெய்தால் 0.6-இன் வர்க்கம், 0.36, பெய்யாவிட்டால் 0.4-இன் வர்க்கம், 0.16. பருவம் முழுக்கக் கூட்டிச் சராசரி எடுத்தால் அதுதான் பிரையர் மதிப்பெண், குறைந்தால் நல்லது. இரண்டு செயலிகளை இப்படித்தான் ஒப்பிட வேண்டும். பத்து நாளோடு தீர்ப்பு எழுதாதீர்கள்: 40% சொன்ன பத்து நாளில் இரண்டு நாள் பெய்வதும் ஆறு நாள் பெய்வதும் தற்செயலாகவே நடக்கும்.

கடைசியாக, வீட்டு மின்கருவிகளின் பிளக்கை இடி தொலைவில் உறுமும்போதே பிடுங்குங்கள், ரவுட்டருக்கு வரும் செம்புக் கம்பியையும் சேர்த்து. மின்னெழுச்சி தாங்கும் பலகை நேரடி இடியைத் தடுக்காது. சிறு எழுச்சிகளாலேயே அதற்குள் எழுச்சியை உறிஞ்சும் உறுப்பு தேய்கிறது, காப்பு விளக்கு அணைந்திருந்தால் அது வெறும் நீட்டிப்புப் பலகைதான். இடி தலைக்கு மேல் வந்தபின் எந்தக் கம்பியையும் தொட வேண்டாம். மழை விட்டாலும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே போகலாம், பிளக்கையும் மாட்டலாம்.